வெட்டாமல் விட்ட காய்

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷத்தின் பெரும்பகுதியை நான் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டே கழித்தேன். வேண்டுதல் ஒன்றுமில்லை, செங்கல்பட்டு டாக்டரம்மாவின் உத்தரவு. அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியதும், "பாத்ரூம் போகலாம். மத்தபடி எழுந்து நடமாடுற வேலையே கூடாது" என்று சொல்லிவிட்டார். சும்மா கிடக்கச் சொன்னால் யாருக்காவது கசக்குமா என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நாளிலேயே உத்தரத்துப் பல்லிகளுக்குப் பெயர் வைத்து, அவற்றின் குடும்பச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டேன்.

அப்போது சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். ஊர்ப் பெயரிலேயே சதுரங்கம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் அதில் குதிரை எப்படித் தாண்டும் என்றுகூடத் தெரியாது. அத்தானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, கல்பாக்கத்தில் வரைபடம் போடும் உத்தியோகம். திருநெல்வேலியில் இருந்த எங்களைப் பிடுங்கிக் கடற்கரை மணலில் நட்டது அந்த உத்தியோகம்தான். அம்மாவால் தம்பிகளின் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வர முடியவில்லை. அதனால் சமையலும் அத்தான் தலையில் விழுந்தது. ரசத்துக்கு உப்பைக்கூட அளந்துதான் போடுவார். அளவு சரியாக இருக்கும், ரசம்தான் இருக்காது.

என் புலம்பல் தாங்காமல் ஒருநாள் அவர் தன் பழைய வரைபலகையைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். தாள் குத்தி, ஊசி முனைப் பென்சிலால் பரமபதம் வரைந்தார். இன்னொரு தாளில் தாயக் கட்டம். தாயக்கட்டைக்குப் பதில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகள், காய்களுக்குச் சட்டைப் பொத்தானும் கடற்கரைச் சோழியும். ஒருக்களித்துப் படுத்தபடி ஆடுவது லேசுப்பட்டதல்ல. பலகை சாய்ந்தால் என் காய்கள் தாமாகவே எதிராளி வீட்டுக்குச் சரிந்து போய்விடும். நானாகக் கொஞ்சம் சாய்த்த சந்தர்ப்பங்களும் உண்டு.

எதிராளி, பக்கத்துக் குப்பத்து அக்கா. காலையில் எங்கள் தெருவில் மீன் விற்பார். கூடை காலியானதும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். "நீங்க இருந்தா நான் நிம்மதியா ஆபீஸ் போவேன்" என்று அத்தான் ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பும்வரை என்னோடு இருப்பது வழக்கமாகிவிட்டது. பேரம் பேசுகிறவர்களிடம் காட்டாத இரக்கத்தை என்னிடமா காட்டப் போகிறார்? தாயத்தில் என் காய் பழம் எடுக்க ஒரு கட்டம் இருக்கும்போது வெட்டி வெளியே போட்டுவிட்டு, வெற்றிலைச் சாற்றை விழுங்கிக்கொண்டு சிரிப்பார்.

"இன்னாம்மே மூஞ்சி சுருங்குது? காய வெச்சுகினு தூங்கினா வெட்டாம, கும்பிடவா செய்வாங்கோ?"

"வயித்துப் பிள்ளைக்காரிய வெட்டுதியேக்கா, பாவமில்லையா?"

"வயித்துல கீறது புள்ள. ஆடறது நீதான?"

ஒருநாள் பலகையின் விளிம்பு என் வயிற்றை ஒட்டியிருந்தபோது உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. என் சோழி உருண்டு மலைக்கட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது. மலையில் இருக்கும் காயை வெட்டக் கூடாது. செல்லும் என்றேன் நான். செல்லாது என்றார் அக்கா. "இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள கள்ளாட்டமா? ஆத்தா பால் குடிக்கறதுக்குங்காட்டியும் ஆத்தா புத்தி வந்துகினு கீது!" அன்று சாயங்காலம்வரை சண்டை ஓயவில்லை.

சிரிப்பெல்லாம் வெளியேதான். உள்ளே நான் வேறோர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டையைக் குலுக்கும்போதெல்லாம், தாயம் விழுந்தால் இன்றைக்குப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் வைத்துக்கொள்வேன். விழாவிட்டால், இது சும்மா குலுக்கிப் பார்த்தது, அடுத்ததுதான் கணக்கு என்பேன். அதுவும் விழாவிட்டால், எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கையே கிடையாதே என்பேன். இப்படி விதியோடு பேரம் பேசிய இன்னொருத்தி இந்தக் கடற்கரையில் அப்போது இருந்திருக்க மாட்டாள். பரமபதத்தில் உச்சிக்குச் சற்று முன்னால் படுத்திருக்கும் பெரிய பாம்பு கடித்து அடிக்கட்டத்துக்கு வந்த அன்று, தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். கண்ணில் தூசி என்று அத்தானிடம் சொன்னேன். இரண்டு கண்ணிலுமா என்று அவர் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் டாக்சி வைத்துச் செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டரம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், குழல் வைத்துக் கேட்டார், கையைக் கழுவினார். பிறகு, "நீங்க கொஞ்சம் வெளியே வாங்க" என்று அத்தானை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்காம்." சொல்லிவிட்டுக் காது மடலைத் தேய்த்துக்கொண்டார். பொய் சொன்னால் அவருக்குக் காது அரிக்கும்.

மறுநாள் பலகையில் புதுப் பரமபதம் இருந்தது. பழைய தாள் கிழிந்துவிட்டதாம். ஏணிகளை மெல்ல எண்ணினேன். கூடியிருந்தன. உச்சிக்கு முன்னால் இருந்த பெரிய பாம்பைக் காணோம்.

"அத்தான், பாம்பு எங்க?"

"மறந்துட்டேன் போலிருக்கு."

கோடு ஒரு நூல் தள்ளிப் போனாலும் தாளையே கிழித்துப் போடுகிற மனுஷர், முழங்கை நீளப் பாம்பை மறந்துவிட்டாராம். அவரோடு ஆடிய சாயங்கால ஆட்டங்களில் நானே ஜெயித்தேன். அவர் காய் ஏணிக்கு அருகில் வரும்போதெல்லாம் கட்டத்தைத் தப்பாக எண்ணி ஏணியைத் தாண்டிப் போனார்.

அப்போதும் நான் முழுசாகப் பயந்துவிடவில்லை. கட்டினவள் அழுகிறாள், மனுஷர் இரங்கியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத் தாயம் ஆடும்போதுதான் அது நடந்தது. என் காய் வெட்டவெளியில் நின்றது. அக்காவுக்கு மூன்று விழுந்தது. மூன்று கட்டம் பின்னால்தான் அவர் காய். வெட்ட வேண்டியதுதான் பாக்கி. அக்கா பலகையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மூலையில் கிடந்த வேறொரு காயை எடுத்து மூன்று கட்டம் நகர்த்தினார்.

வெட்டவில்லை.

 இவரே வெட்டாமல் விடுகிறார் என்றால் டாக்டரம்மா என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிள்ளை உயிரோடு இல்லையோ? கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அசைவுக்காகக் காத்திருந்தேன். தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

"ஏன்க்கா வெட்டல?"

"கண்ணு தெர்ல."

"காலைல மீன் செவுளப் பாத்து, நேத்து புடிச்சதா இன்னைக்குப் புடிச்சதான்னு சொல்லுத கண்ணு, இது தெரியலையா? என்கிட்ட மறைக்காத. பிள்ளைக்கு என்ன?"

"அய்ய, பேஜாரா பூட்ச்சி உன்னோட! புள்ளைக்கு இன்னா, நல்லாத்தான் கீது."

"அப்ப வெட்டு."

"மாட்டேன்."

"வெட்டுக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பல்லிகள் ஓட்டுக்குள் ஓடி ஒளிந்தன. சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அக்காவும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அக்கா புளியங்கொட்டைகளைத் தட்டில் போட்டுவிட்டு, முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தார்.

"வெட்டாதேன்னு உன் வூட்டுக்காரர்தான் சொன்னாரும்மே. மாசமா கீறவ மனசு கோணக் கூடாதுன்னு எங்க குப்பத்துலயும் சொல்லுவாங்கோ. ஆசப்பட்டத இல்லன்னு சொல்ல மாட்டோம். உனக்கு ஜெயிக்கத்தான ஆச, குட்த்துட்டுப் போறேன்னு நெனச்சேன். மத்தத அவராண்டயே கேளு."

அன்று அத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் கேட்டேன். சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கீழே வைக்க விடவில்லை. காதைத் தேய்க்கக் கை போனது. "கையைக் கீழ போடுங்க" என்றேன். போட்டார்.

"பிள்ளை எடை குறைவா இருக்கும்போலத் தெரியுதாம். நாள் ஆகுமுன்னயே பொறந்துடலாம்னு சொன்னாங்க. பொழைச்சுக்கும்னும் சொன்னாங்க. உன்னைச் சந்தோஷமா வெச்சுக்கச் சொன்னாங்க. எனக்கு வேற எப்படின்னு தெரியலட்டி."

டாக்டரம்மா போகிறபோக்கில் சொன்ன வார்த்தையை மனுஷர் ஆபீஸ் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டு, பாம்பை அழித்து, ஏணி கூட்டி, அக்காவுக்கும் அறிவிப்புக் கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் நான் பயந்ததில் பாதி நிஜம். அந்தப் பாதியை இரண்டு பேரும் சேர்ந்து பயந்தோம். அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, என் பாதத்தை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். இடையில் எழுந்து போய் அவர் ஏற்றிவிட்டு வந்த ரசம் அடுப்பில் வற்றிப்போனது. ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கட்டளை போட்டேன். பாம்பு மறுபடி உச்சிக்கு வந்து படுத்தது. அக்கா சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் தீர்த்துக்கொள்வதுபோல வரிசையாக என் காய்களை வெட்டித் தள்ளினார். ஒரே மத்தியானத்தில் அத்தனையும் தோற்றுவிட்டு, அந்த மாதத்தில் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன். தோற்பதில் இவ்வளவு சுகம் இருப்பது முன்னமே தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சைகளை அனுபவித்து எழுதியிருப்பேன்.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே நாள் ஆகும் முன்பே வலி வந்தது. மத்தியானம். அத்தான் கல்பாக்கத்தில். நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா தெருவில் நின்றார். செங்கல்பட்டுக்கு மீன் ஏற்றிப் போக நின்றிருந்த வேனை மறித்து, பின்னால் இருந்த கூடைகளை இறக்கச் சொல்லி, பாயை விரித்து என்னை ஏற்றினார். அத்தானுக்கு ஆள் அனுப்பினார். டிரைவர் ஏதோ முனகினார்.

"அண்ணாத்த, உன் மீனு நாறினா நாறட்டும். பள்ளத்துல மட்டும் வுட்ட, மவனே, உன் வண்டிய நானே கடல்ல தள்ளிடுவேன்!"

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிரைவரின் முன்னோர்களை விசாரித்துக்கொண்டே வந்தார். கோயில் மலை ஜன்னலில் வந்து போனது. வேண்டிக்கொள்ளத் தோன்றியது, வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தால் அலறல்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கியபோது, எனக்கு முன்னால் என் வாசனை உள்ளே போயிருக்க வேண்டும். வார்டு ஆயா மூக்கைப் பொத்திக்கொண்டே கதவைத் திறந்தாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பிறந்துவிட்டாள். ஆனால் சத்தம் இல்லை. டாக்டரம்மா அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போனார். முதுகுதான் தெரிந்தது. தட்டும் ஓசை கேட்டது. யாரோ பஞ்சு கேட்டார்கள். ஏதாவது சொல்லி யாரையாவது சிரிக்கவைத்தே காலம் தள்ளின என் வாய், அப்போது வெறுமனே திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு கீச்சல். நடுவில் ஒரு திக்கல். பிறகு மடை திறந்த மாதிரி ஓர் அழுகை.

பஞ்சில் சுற்றி என் பக்கத்தில் வைத்தார்கள். உள்ளங்கை அகலம்தான் முகம். அத்தான் ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தொடப் பயந்து தள்ளியே நின்றார். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இம்மாந்துண்டு கீது, கத்தறதப் பாரு! கரைல ஏலம் வுடறவன் தோத்தான்!"

நர்ஸ் வந்தார். "என்னம்மா இப்படிக் கத்துது, குடுங்க, சமாதானப்படுத்தறேன்" என்று கையை நீட்டினார்.

"கொஞ்ச நேரம் அழட்டும் சிஸ்டர்" என்றேன்.