கேபிளில் எழுந்த புகை

பல நாட்டுக்காரர்களோடு ரேடியோவில் பேசும் போட்டி தொடங்கியபோது அறையில் நானும் அம்மாவும் இருந்தோம். தன் ஹாம் ரேடியோவை எனக்கு இரவல் தந்த அண்ணன் மதுரைக்குப் போயிருந்தார். யாரோடு எந்த அலைவரிசையில் பேசினேன் என்பதை லேப்டாப் தானாகப் பதிய வேண்டுமென்று, நானே ஒரு கேபிள் செய்து ரேடியோவை அதோடு இணைத்திருந்தேன். அலைவரிசை எண் திரையில் வந்தது. என் முதல் அழைப்புக்கு ஒரு ஜப்பான்காரர் பதில் சொன்னார். அதற்குள் கேபிளின் முனையில் புகை வந்தது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அம்மா, குடத்துத் தண்ணீரை அப்படியே ரேடியோமேல் கொட்டிவிட்டாள்.

“சுவிட்ச அமத்துனாப் போதுமேம்மா!”

“ஏலே, புகையக் கண்டா முதல்ல தண்ணிதான். கம்பெனியில யோசிச்சுக்கிட்டு நின்னவுக யாரும் இப்ப இல்ல.”

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். “அம்மாவுக்கு ஷாக் அடிக்கலையேடா?” என்றுதான் முதலில் கேட்டார். ரேடியோவைப் பழுது பார்க்க அம்மாவும் நானும் சேர்ந்து கொடுத்தது ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.