திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழை

என் மாமனாரை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும். ஐம்பதுகளில் கெலமங்கலத்தில் புளி மண்டி திறந்தார். ஊர்க்கண் முழுக்கத் தன்மேல்தான் என்று அவருக்கு நினைப்பு. வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட ஒரு கற்றாழை கொண்டுவரும்படி மண்டி ஆளிடம் சொன்னார். வேலிக்கு வேலி கற்றாழை கிடக்கிற ஊர். அந்தச் சோம்பேறி, காட்டுப் பக்கம் புளி ஏற்றப் போன இடத்தில் கண்ணில் பட்டதைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

செடியின் தூரில் கறுப்புப் பாசிமணி சுற்றியிருந்தது.

"பாசியோடவே கெடைச்சிருக்குது பாரும்மா, நமக்கு நல்ல காலம்" என்று மாமனார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதை அவிழ்க்காமல் அப்படியே ஆணியில் கட்டினார். நான் வாசல் கூட்டும்போதெல்லாம் அது தலைக்குமேல் ஆடும்.

சந்தை நாளில் நன்னாரி வேர் விற்க ஓர் இருளப் பெண் வருவாள். அன்று எனக்கு வேரை எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவள் மேலே பார்த்தாள். கூடை கையைவிட்டு நழுவியது.

"அம்மணி, அது எங்கம்மா" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே அழுதுகொண்டு சொன்னாள். அவர்கள் ஆளைப் புதைத்த இடத்தில் தலைமாட்டில் கற்றாழை நடுவார்கள். செத்தவர் கழுத்துப் பாசியை அதன் தூரில் சுற்றுவார்கள். அதற்கப்புறம் அது செடியில்லை, அம்மாதான். தேன் எடுத்தால் முதல் சொட்டு அதற்கு. அது துளிர்த்தால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

"அவுத்துக் குடுத்துடுங்க சாமி, மறுபடி நட்டுக்கறேன்" என்று கல்லாவில் இருந்த மாமனாரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சுடுகாட்டுச் செடியா!" என்று அலறினார் அவர். ஒருத்தியின் தாயைத் தலைகீழாகத் தொங்கவிட்டோமே என்ற கூச்சம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. தீட்டுப் பயம் மட்டும்தான். கையால் தொடாமல் ஒரு கழியால் தட்டிச் சாக்கடையில் தள்ளினார். ச்சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று இருந்தது எனக்கு.

அவள் சாக்கடையில் இறங்கி எடுத்தாள். நான் குடத்துத் தண்ணீரை ஊற்ற, பாசியை ஒவ்வொரு மணியாகக் கழுவினாள். வேரை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள்.

"உசிரு இருக்குது" என்றாள். முந்தானையில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மாமனார் தலைமுழுகி, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். வெறும் ஆணியை அண்ணாந்து பார்த்தார்.

"அவ போயிட்டாளா? காட்டுக்காரிதானே, நல்லதா வேற ஒண்ணு கொண்டாரச் சொல்லியிருக்கலாமே" என்றார்.