கலிரோயி வீட்டுக் கொடியில் காய்ந்த கால்சட்டை

அக்டோபர் கடைசி ஞாயிறன்று டச்சுக்காரர் ஹென்ட்ரிக் மனைவியோடு கப்பலேறினார். படகுத்துறையில் வைத்து வீட்டுச் சாவியைக் கலிரோயி அத்தையிடம் கொடுத்தார். அதோடு சுற்றுலாக்காரர்கள் தீர்ந்தார்கள், தீவு வெறிச்சோடியது. எங்கள் கிரேக்கத் தீவில் பாதி வீடுகள் வெளிநாட்டுக்காரர்களுடையவை. சாவிகளெல்லாம் அத்தையிடம்தான். வாரம் ஒருமுறை ஜன்னல் திறந்து காற்றாட விடுவாள், சுவரில் பூத்த ஈரத்தைத் துடைப்பாள். புருஷன் போன பிறகு அதுதான் அவள் பிழைப்பு.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். நவம்பரில் அத்தை வீட்டுக் கொடியில் ஆண்பிள்ளைக் கால்சட்டை காய்ந்தது. காபிக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"மீன்காரனா இருக்கும்," என்றார் கடைக்காரர் யாகுமிஸ்.

"மீன் வாடை வரலையே மாமா," என்றேன்.

"அப்ப பாதிரியார்தான்."

எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை வரவில்லை. ஹென்ட்ரிக் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்திருந்தேன். ஒரு மதியம் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் பள்ளியின் பின்னறையில் படுப்பதாகத்தான் ஊர் நினைத்திருந்தது. எல்லா அறையும் அடுத்த கோடையில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கென்று பூட்டிக் கிடக்க, வாத்தியாருக்கு வாடகைக்கு விட ஆளில்லை. முந்தைய வாத்தியார் கூடாரம் அடித்துப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்.

நேராக அத்தையிடம் போய்க் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"வாத்தியார் போனா பள்ளிக்கூடத்த மூடுவாங்க. மூடினா மரூசோ புள்ளைங்களோட ஏதென்ஸ் போயிடுவா. என் மகள எனக்குத் தெரியாதா, போனா திரும்ப மாட்டா."

"டச்சுக்காரருக்குத் தெரிஞ்சா சாவி போயிடுமே அத்தை?"

"அதான் வாத்தியார் துணிய என் கொடியில காயப்போடுறேன். கள்ளப்புருஷன் இருக்கான்னு பேசட்டும். குடித்தனக்காரன் இருக்கான்னு பேசாம இருந்தா சரி."

அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடும் யாகுமிஸ் மோப்பம் பிடித்துவிடுவாரோ? அத்தையிடமிருக்கும் சாவிகள் தன் கைக்கு வரக் காத்திருக்கும் துறைமுக ஏஜெண்ட் ஏன் அடிக்கடி அந்தத் தெருவில் நடக்கிறான்? அத்தை என்னைத் தவிர ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். வாத்தியார் ஹென்ட்ரிக் வீட்டில் இருக்கிறார், பள்ளிக்கூடம் நிற்காது, ஏதென்ஸ் பேச்சை விடு என்று மரூசோவிடம். அவள் காய் நறுக்கிக்கொண்டே இருந்தாளாம்.

ஏப்ரலில் அத்தை தன் போனை என்னிடம் நீட்டினாள். ஹென்ட்ரிக்கின் செய்தி ஆங்கிலத்தில் வந்திருந்ததால் நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அன்புள்ள கலிரோயி, எங்கள் வீட்டில் வேறொருவர் தங்கியிருப்பது தெரிந்தது. சாவியைத் துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் மகள் எழுதியதை முதலில் நாங்கள் நம்பவில்லை. ஏதென்ஸில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் எல்லாம் நல்லபடி அமையட்டும்."