பதினொரு வீட்டுக் கடவுச்சொற்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை வைத்தே பல வருடம் வகுப்பை அடக்கியிருக்கிறேன். அந்தக் கோபம் ஒரு முறை யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

2006 என்று நினைவு. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்தார்கள். பாதிப் பேருக்கு அப்பா வளைகுடாவில். இணையத்தில் பிள்ளைகள் பத்திரமாக இருப்பது எப்படி என்று திருச்சியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். எனக்கே இமெயில் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி எட்டாம் வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுவுக்கொரு தலைப்பு கொடுத்து, சார்ட் செய்து வரச் சொன்னேன். போட்டோ அனுப்புவது ஒரு குழுவுக்கு, முகம் தெரியாதவரோடு சாட் பண்ணுவது ஒரு குழுவுக்கு. கடவுச்சொல் ஒரு குழுவுக்கு.

கடவுச்சொல் குழுவின் தலைவி கெட்டிக்காரப் பெண். ‘உங்கள் தெருவில் யார் யாரிடம் இமெயில் இருக்கிறது, கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்று விசாரித்து, ஆதாரத்தோடு எழுதுங்கள்’ என்று சொல்லியிருந்தேன். ஆதாரம் என்ற சொல்லை நான்தான் இரண்டு முறை அழுத்திச் சொன்னேன்.

கண்காட்சி அன்று காலை பெற்றோர் வரத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சார்ட்டைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில், ‘கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்.’ கீழே கோடு போட்ட அட்டவணை. பதினொரு வீடுகள், பதினொரு இமெயில் முகவரிகள், பதினொரு கடவுச்சொற்கள். கடைசிக் கட்டத்தில், ‘யாருக்குத் தெரியும்’ என்ற தலைப்பின் கீழே பதினொரு முறையும் அந்தப் பெண்ணின் பெயர்.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவள் தெருப் பெண்களோடு கடைத்தெரு பிரவுசிங் சென்டருக்குப் போவாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவாள். அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் தட்டுவாள். கடவுச்சொல் எல்லாம் அவளுடைய அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பெண்களுக்கு அது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவது போலத்தான்.

சார்ட்டைக் கிழித்தேன். நோட்டை வாங்கி அந்தக் கடைசிப் பக்கத்தையும் கிழித்தேன். “ஒன்ன நம்பிக் குடுத்தவங்கள சந்தியில நிறுத்திட்டியே” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் அழவில்லை. “ஆதாரம் கேட்டீங்களே டீச்சர்” என்றாள், அவ்வளவுதான். அன்று மாலையே வீடு வீடாகப் போய், கடவுச்சொல்லை மாற்றுங்கள், இனி இந்தப் பெண்ணிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் வாசல் தேடி வந்து சொன்னதால் அவளுடைய அம்மாவும் அவளைப் பிரவுசிங் சென்டர் பக்கம் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார். பாடம் நன்றாக நடந்தது என்றே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஐந்து வாரம் கழித்து, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மா பள்ளி வாசலில் நின்றார். அந்தப் பதினொரு வீட்டில் ஒரு வீட்டுக்காரர். அவர் கணவர் பாலைவனத்தில் ஏதோ முகாமில் வேலை பார்த்தார். அங்கே போன் கிடையாது. வாரம் ஒரு நாள் டவுனுக்கு வரும்போது மெயில் போடுவார்.

“நீங்க சொன்னபடி மாத்திட்டேங்க. சென்டர்ல இருக்குற தம்பிதான் மாத்திக் குடுத்து, துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துச்சு. அது துணியோட தொவையில போயிடுச்சு. அந்தத் தம்பிக்கும் ஞாவகம் இல்லையாம். அஞ்சு வெள்ளி ஆச்சுங்க, அவுககிட்ட இருந்து ஒரு சேதி தெரியல.”

அந்தப் பெண்ணைவிட சென்டர்காரரை நம்பும்படி நானே செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றே அவரோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தினால் ஒரு ரகசியக் கேள்வி வந்தது. அதற்கான பதிலை வைத்தது யார் என்று கேட்டேன். அந்த அம்மா தயங்கி, “அந்தப் புள்ளதாங்க” என்றார்.

நானே அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவிடம் கேட்டு அழைத்து வந்தேன். வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“டீச்சர், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.”

திரும்பிக்கொண்டேன். சுவரில் பழைய காலண்டர் தொங்கியது. என் முதுகுக்குப் பின்னால் அவள், “மாமி, புதுசா வைக்கிறத நான் வச்சிக்கட்டா?” என்று கேட்டாள். “ஒங்கிட்ட இல்லாம வேற யார்ட்ட வைப்பேன்” என்றார் அந்த அம்மா.

பிரிக்காத கடிதங்கள் ஐந்து இருந்தன. அவள் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் இரண்டும் சாதாரண விசாரிப்பு. மூன்றாவதில், ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தார். நான்காவதில், சிறுநீரகக் கல்லால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகவும், கூட வேலை பார்ப்பவர் தட்டித் தருவதாகவும் இருந்தது. கடைசிக் கடிதம் சின்னது. ‘நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. பிள்ளைகள் நலமா?’

அந்த அம்மா துப்பட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்னன்னு எழுத மாமி? டீச்சர் மாத்தச் சொன்னாங்கன்னு எழுதவா?”

“வேணாம் புள்ள. டீச்சர் நம்ம நல்லதுக்குத்தான சொன்னாங்க. நாந்தான் தொலைச்சுட்டேன்னு எழுது. எம்மேல தப்புன்னு எழுது.”

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, அதை அப்படியே தட்டினாள்.