கடுகுக் காயும் ரெஜினா டீச்சரும்

உழவர் சந்தையில் பிஞ்சு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரெஜினா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டாராம். எடுத்த காய்களைக் கூடையிலேயே போட்டுவிட்டு, வெறும் பையோடு வீடு திரும்பினேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும், வெண்டைக்காயையும் அவரையும் பிரிக்க முடியாது. தாவரவியல் ஆய்வகத்தில் அவர், பக்கத்து வேதியியல் ஆய்வகத்தில் நான். மதியம் அவர் டப்பாவைத் திறந்தால் எந்தக் காயும் குறுக்கே வெட்டியதாகத்தான் இருக்கும். சூலகத்துக்குள், விதையாகப்போகும் சூல்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. நாமக்கல்லில் எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தவர் பப்பாளியையும் குறுக்கே அறுத்து, "பாருங்க, நடுவுல வெறும் பொந்து. விதையெல்லாம் சுவத்துல ஒட்டியிருக்கு" என்று பாடம் தொடங்கிவிட்டார். "ஏனுங்க, இவங்க ஊட்லயும் இப்படித்தானுங்களா?" என்று என் மனைவி என் காதில் கேட்டாள்.

அந்தச் செய்முறைத் தேர்வை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் மகள் ஜெனிட்டாவும் அந்த வகுப்பில் இருந்ததால் டீச்சர் தேர்வறைக்குள் போகாமல் என் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தார். கடுகின் பிஞ்சுக் காயை வெட்டி வைத்து, சூல் ஒட்டுமுறை என்ன என்பது கேள்வி. இரண்டு அறை தெரிகிறதே, அதனால் சூல்கள் நடுவில் ஒட்டும் அச்சு ஒட்டுமுறை என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி சுவர் ஒட்டுமுறை என்று எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போயிற்று.

மாணவிகள் அழுதுகொண்டு வந்தார்கள். "டீச்சர், ஜெனி மட்டும்தான் அச்சுன்னு எழுதியிருக்கா. அவளுக்கு மட்டும் ரைட் போட்டிருக்காரு" என்றாள் ஒருத்தி. ஜெனிட்டா அதற்குள் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள்.

தேர்வாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றார் தலைமையாசிரியர். "புத்தகத்தைக் காட்டுங்களேன்" என்றேன் நான்.

"புத்தகத்தைக் காட்டுனா சண்டையாயிரும் சார். காயைக் காட்டுனா பேச்சே இருக்காது."

தேர்வறைக் கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். கடுகுக் காயின் இரண்டு பக்கத் தோலையும் ஊசியால் மெல்ல உரித்தார். நடுவில் மெல்லிய திரை ஒன்று நின்றது. சூல்கள் அதன் ஓரத்தில், சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் தொங்கின. பக்கத்தில் ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வைத்தார். அதில் எல்லாம் நடு அச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அறையை எண்ணாதீங்க சார். எங்க ஒட்டியிருக்குன்னு பாருங்க. இந்தத் திரை அப்புறமா வளர்ந்து குறுக்க வந்தது, அதனாலதான் ரெண்டு அறையாத் தெரியுது."

தேர்வாளர் லென்ஸ் வழியே வெகுநேரம் பார்த்தார். "சரிதாங்க மேடம், நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று பேனாவை எடுத்தார். எல்லோருக்கும் மதிப்பெண் திரும்பி வந்தது. ஜெனிட்டாவுக்குப் போயிற்று. எனக்கு அன்று டீச்சர்மேல் கோபம்கூட வந்தது. தாயும் மகளும் ரொம்ப நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து அம்மாபேட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்குத் திரும்பினோம். ஜெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கே காதோரம் நரைத்திருக்கிறது.

"சார், அன்னைக்கு நான் அச்சுன்னு எழுதுனது அம்மாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் உள்ள போனாங்களா? ஒரு தடவைகூட நான் கேக்கல. அவங்களும் சொல்லல."

"தெரியும் சாமி. கதவுகிட்ட நின்னு முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டுத்தான் உள்ள போனாங்க."

அவள் அழுதாள். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. "எனக்காக அழுதாங்களா?" என்று இன்னொரு முறை கேட்டாள். ஆமாம் என்றேன்.

எத்தனையோ வருடம் பக்கத்து அறையில் இருந்தும் என்னால் ஒரு காயைக்கூட அவரைப்போல் உரிக்க முடியாது. என்னிடம் இருப்பது, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியைக் கையில் எடுத்த அந்த ரெஜினா டீச்சர்தான். அந்த நினைவில் பாதியை அடக்கத்தன்று அவர் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.