கொயிலுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

நுளம்பு விரட்டக் கொளுத்துகிற கொயில்தான் எனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அட்டன் பக்கத்துக் கூரைத்தகர ஃபெக்டரியில் சேர்ந்த பிறகுதான் இன்னொரு கொயிலைக் கண்டேன். தகரத்தைச் சுற்றிச் சுற்றி, என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சக்கரமாக்கி, கொழும்பிலிருந்து லொறியில் அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் நாலைந்து டன். நிற்க வைத்தால் உருளும் என்பதால் இரண்டு பக்கமும் ஆப்புக்கட்டை கொடுக்க வேண்டும். கட்டையை அடித்து இறுக்குவதும், இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் தட்டிப் பார்ப்பதும் என் வேலை. கொயிலைத் தூக்கி இறக்கும் கிரேன் என் வீட்டுக்காரருடைய பொறுப்பு. மனுஷன் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் மேலே இருக்கிறவர் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார்.

எங்கள் மெனேஜரும் எங்களைப் போலத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான். ஆனாலும் அந்தக் காலத்து வெள்ளைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி ‘தொர’ என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும். காசா பணமா, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தோட்டத்துப் பழக்கம் விடாமல் காலையில் பெரட்டு வைத்து எங்களை வரிசையில் நிறுத்துவார். ஒருமுறை கொழும்புக்குப் போய்ப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்தவர், ஒரு செலோடேப் சுருளை மேசையில் வைத்து உருட்டிக் காட்டினார்.

“பாத்தீங்களா? இது பழைய தேயில ஃபெக்டரி. தண்ணி ஓடுறதுக்காகத் தரைய வாசப் பக்கம் சரிச்சு வச்சிருக்காங்க. கட்டைய எடுத்தா கொயிலு யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காது. உருள்ற பக்கம் ஒருத்தரும் நிக்கக்கூடாது, வெளங்குச்சா?”

நன்றாகவே விளங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் பாடம் எடுத்தார்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் அவித்து, சாமி படத்துக்கு மாலை போட்டோம். சாமிக்கு முன்னால் செருப்புக் காலோடு நிற்கலாமா? எல்லோரும் இரும்பு மூக்குச் சப்பாத்தைக் கழற்றி வாசலோரமாக வரிசையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றோம். லொறிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். தொரையின் கண் போய் மாலையோடு நின்ற புதுக் கொயில் மேல் விழுந்தது.

“லொறிக்கு மட்டும் என்ன? நமக்குச் சோறு போடுறது இதுதானே. இதுக்கும் ஒரு பழம் வைங்க. ஒரு சாண் உருட்டினாப் போதும்.”

ஒரு சாணாம்! நாலு டன் இரும்பைப் பார்த்து ஒரு சாண் போய் நில் என்று சொல்கிறார், நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரி.

“தொர, கட்டைய எடுத்தா உருண்டுரும்ங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“அது வேல செய்யிற நாளுக்கு. இன்னைக்குச் சாமி காரியம். நல்ல நேரத்துல வாய வைக்காத.”

நான் கட்டையைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் சம்மட்டியோடு போய்க்கொண்டிருக்கிறார். பக்கவாட்டில் நின்று தட்டியிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். அங்கே நின்றால் சாமி படத்துக்கு முதுகு காட்ட வேண்டி வருமாம். அதனால் நேர் முன்னால், உருள்கிற வழியிலேயே, வெறுங்காலோடு குந்தினார்.

“அங்க குந்தாதீங்க! கால் போயிரும்!” என்று கத்தினேன்.

“ஷ்ஷ்!” என்று அத்தனை பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

இரண்டாவது அடியில் கட்டை தெறித்தது. பழம் நசுங்கியது. கொயில் நிற்கவில்லை. பாய்ந்து போய் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ஆள் மல்லாக்க விழுந்தார், கால் வந்துவிட்டது. வலது காலின் இரண்டு விரல்கள் மட்டும் வரவில்லை. கொயில் வாசலில் இருந்த சப்பாத்துகளை எல்லாம் நசுக்கிக்கொண்டு போய்த் தூணில் இடித்து நின்றது. தொர அதற்குள் சுண்டல் அண்டாவுக்குப் பின்னால் போயிருந்தார்.

மறுநாள் தொர ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலோரம் நின்று, என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

“ஒங்க சம்சாரம் நல்ல நேரத்துல கால் போயிரும்னு சொல்லிருச்சு. சொன்னது பலிச்சிருச்சு. என்ன செய்யிறது?”

அடப்பாவி! சட்டையைப் பிடித்து இழுத்தது இதே கைதானே. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். மனுஷன் ஆப்பிளை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவுக்குப் போய், ஆத்திரம் தாங்காமல் அழுதேன்.

காயம் ஆறி அவர் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பிய அன்று காலைப் பெரட்டில், தொர தொண்டையைச் செருமிக்கொண்டு புதிய பாதுகாப்பு விதி ஒன்றை அறிவித்தார். இனிமேல் பூசை நேரத்தில் பெண்கள் யாரும் வாய் திறக்கக்கூடாது. கட்டையைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.