தட்டில் படிந்த தோல்தூள்

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் தடிமன் பார்க்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவர் என் அக்காவின் கணவர். அவர் அங்கே ஷேவிங் மெஷின் ஓட்டினார். ஈரத்தோலின் அடிப்பக்கத்தைச் சீவிக் கேட்ட தடிமனுக்குக் கொண்டுவரும் மெஷின் அது. கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டால் போச்சு, சீவியதைத் திரும்ப ஒட்டவைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

கம்பியில்லாத சென்சார் வந்ததும் எனக்குப் பெரிய ஆள் என்ற நினைப்பு வந்துவிட்டது. மெஷின் பக்கத்திலேயே கீழே இரும்புத் தட்டு, நடுவே தோல், அதன்மேல் சென்சார். தட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதுதான் தடிமன். அந்த எண் என் ஏசி அறையிலிருந்த டேப்லெட்டுக்கே வந்துவிடும். கையால் வைத்து அளக்கும் பழைய கேஜ் இருந்தபோது ஒவ்வொரு தோலுக்கும் தட்டைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுத்தான் அளப்போம். புதியதையும் அவ்வப்போது துடைக்க வேண்டியது என் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே எண் தெரியும்போது எழுந்து போவானேன் என்று இருந்துவிட்டேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அன்று மாமா மெஷினை நிறுத்திவிட்டு என் அறைக்கு வந்தார்.

"இன்னா மச்சான், தோல் கைக்கு மெலிசாத் தெரியுது. உன் சென்சார் இன்னும் ஜாஸ்தின்னு காட்டுது?"

"நம்பர் கரெக்டாத்தான் இருக்குது மாமா. நீங்க ஓட்டுங்க."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர் போய் மேலும் சீவினார்.

மாலையில் பழைய கேஜை வைத்துப் பார்த்தால் அன்று சீவிய லாட் முழுவதும் மெலிந்து கிடந்தது. மெஷினுக்கு ஓடினேன். தட்டில் தோல்தூள் படிந்து, நகத்தின் கனத்துக்கு இறுகியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் சென்சார் அளந்திருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுரண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அதற்குள் சென்சாரைச் சோதித்திருந்தார்கள், தூள் போய்விட்டதால் சரியாகவே காட்டியது. மாமா என்னைப் பார்த்தார். நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"என் தப்புதான் சார்" என்றார் அவர். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

இப்போது அணைக்கட்டுப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறார். ஒரு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அக்கா சமையலறையில் இருந்த நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிட்றேன் மாமா."

அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அந்த மிஷினுக்கு வேற ஆள் வந்தாச்சு. நீ சுரண்டினத நான் அன்னைக்கே பாத்தேன் மச்சான். மேனேஜர் ரூம்ல நீயா சொல்லுவேன்னுதான் நின்னுகினு இருந்தேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா எனக்குச் சோறு போட்டாள். அவளிடம்கூட அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"இன்னாடா, கொழம்பு நல்லா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.